ஏக்கரும் ஹெக்டேயரும், புசலும் கிலோவும்

கமக்காரர்களே,

கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் வட்டைகளில் "எத்தனை ஏக்கர் விதைத்தீர்கள்?" என்று கேட்பாருண்டு; ஹெக்டேயர்க் கணக்குக் கேட்பார் அரியர். பழைய உறுதிகளிலும் ஏக்கர், றூட், பேர்ச் என்றே எழுதப்பட்டுள்ளது. இலங்கை 1970களில் மெற்றிக் முறைக்கு மாறிய பின்னரும் இவ்வழக்கு நீங்கவில்லை. பசளைச் சிபார்சுகளோ ஹெக்டேயர்க் கணக்கில் வருகின்றன. பிழை நேர்வது இங்கேதான்.

ஒரு ஹெக்டேயர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கராகும். ஹெக்டேயருக்கு 100 கிலோ யூரியா என்பதை ஏக்கருக்கு எனக் கொண்டு இடுவீர்களாயின், இரண்டரை மடங்கு இட்டவராவீர்கள். பணம் வீணாவதோடு, பயிர் மதர்த்துச் சாயும். எரிபந்தமும் கபிலத் தத்தியும் எளிதிற் பற்றும். ஹெக்டேயர்க் கணக்கை நான்கால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் ஏக்கர்க் கணக்குக் கிடைக்கும். 100 கிலோ 40 கிலோவாகும். விதைநெல்லைக் கொண்டு இதனைச் சரிபார்க்கலாம். வீசி விதைப்பதற்கு ஹெக்டேயருக்கு 100 கிலோ என்பதும், ஏக்கருக்கு இரண்டு புசல் என்பதும் ஏறத்தாழ ஒன்றே.

புசல் என்பது ஆதியில் எட்டுக் கலன் கொண்ட முகத்தலளவை. நெல்லுக்கு அதனை 46 இறாத்தல், அதாவது 20.9 கிலோ என நிறையாக வழங்குகின்றோம். மூடையோ அளவே அன்று; சாக்குப் பெருத்தால் மூடையும் பெருக்கும். ஆகையால் விற்கும்போது கிலோவிலேயே நிறுத்து, சாக்கின் நிறையை மட்டும் கழிக்கச் செய்யுங்கள். ஈரத்துக்கான கழிவையும் நீங்களே கணக்கிடலாம். நூற்றுக்கு 20 வீத ஈரமுள்ள 100 கிலோ நெல், 14 வீதத்துக்குக் காய்ந்தால் 93 கிலோவாகும். கழிக்கத்தக்கது 7 கிலோவே. பத்துக் கிலோ கழிப்பவரிடம் காரணம் கேட்பதற்கு நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

மரக்கறித் தோட்டத்துக்கு வருவோம். ஒரு பேர்ச் சுமார் 25 சதுர மீற்றர். ஹெக்டேயருக்கு 10 தொன் கூட்டெரு என்பது சதுர மீற்றருக்கு ஒரு கிலோவாதலின், பத்துப் பேர்ச் நிலத்துக்கு 250 கிலோ போதும்.

மருந்து தெளிக்கையில் இன்னும் கவனம் வேண்டும். பத்து லீற்றர் நீருக்கு 10 மில்லிலீற்றர் எனின், 16 லீற்றர்த் தெளிகருவிக்கு 16 மில்லிலீற்றர் வேண்டும். போத்தல் மூடிகள் பல அளவின. அளவு குறித்த சிறு குவளையொன்றை இதற்கென வாங்கித் தெளிகருவியோடு கட்டி வையுங்கள். அதனை அடுக்களைக்குக் கொண்டு செல்லாதீர்கள்.