படித்துக் காட்ட இன்னொருவர் எதற்கு?



அடுத்த குழந்தை எப்போது? காப்பர்-டி போட்டுக் கொள்வதா, சாயா மாத்திரை சாப்பிடுவதா? இவையெல்லாம் கணவனும் மனைவியும் கலந்து பேச வேண்டிய வீட்டுப் பேச்சு. ஊர்ப் பேச்சு அல்ல. இன்று இந்த விவரங்களும், கர்ப்பப் பதிவும், பிறப்புச் சான்றிதழும் அரசு இணையதளங்களில் கிடைக்கின்றன. கிடைத்தால் மட்டும் போதுமா? கண் தெரியாதவரும், எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் தாமே தெரிந்துகொள்ள வேண்டாமா?

காட்டுப்பாக்கத்தில் நடந்தது

காட்டுப்பாக்கத்தில் ஒரு தம்பதி. கணவருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை. மனைவிக்குப் பார்வை இல்லை; செல்போன் வாசித்துக் காட்டுவதைக் கேட்டே எல்லாம் தெரிந்துகொள்வார். சாயா மாத்திரையை முதல் 3 மாதம் வாரத்துக்கு 2, அதன் பிறகு வாரத்துக்கு 1 என்று சாப்பிட வேண்டும். இதை விளக்கி நான் ஒரு துண்டுப் பிரசுரம் தயாரித்திருந்தேன். அது இணையத்திலும் ஏறியது. அந்தப் பெண் அதைத் திறந்தபோது போன் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல அவருக்குக் கூச்சம். தாமாகவே யோசித்து, தொடக்கத்திலிருந்தே வாரத்துக்கு 1 மாத்திரை போட்டுக் கொண்டார். நாள் தள்ளிப் போனதும் பயந்துகொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தார். பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று தெரிந்தது, நல்ல வேளை. "மேடம், எல்லாருக்கும்னுதானே போட்டீங்க? எனக்கு மட்டும் ஏன் பேசலை?" என்று கேட்டார். தவறு அவருடையது அல்ல, என்னுடையது. அச்சடித்த தாளை அப்படியே போட்டோ பிடித்து ஏற்றக் கொடுத்தவள் நான்தான்.

ஏன் பேசவில்லை?

நம் கண்ணுக்கு எழுத்தாகத் தெரிவது, போட்டோவில் போனுக்கு வெறும் படம்தான். செல்போனில் உள்ள 'டாக்பேக்', கணினியில் இலவசமாகக் கிடைக்கும் 'என்.வி.டி.ஏ.' போன்ற வாசிப்புக் கருவிகள் எழுத்தைத்தான் நம்பகமாக வாசிக்கும். பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த தாளிலும் இதே தொல்லை: பார்வைக்குத் தமிழாக இருக்கும், கருவி வாசித்தால் உளறலாக இருக்கும். தமிழக அரசு 2010இல் 'யூனிகோடு' முறையை ஏற்றது.

எல்லோருக்கும் ஏற்ற தாள் எது?

1. போட்டோவாக இல்லாமல் எழுத்தாக இருக்க வேண்டும். ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். அந்தச் சொல் மட்டும் தனியே நிறம் மாறினால், பெரும்பாலும் அது எழுத்துத்தான்.

2. படம் இருந்தால், அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி விளக்கம் வேண்டும்.

3. "சிவப்புக் கட்டத்தில் உள்ள நாளில் சாப்பிடவும்" என்று நிறத்தை மட்டும் நம்பி எழுதக் கூடாது. "ஞாயிறு, புதன்" என்று கிழமையையும் சொல்ல வேண்டும்.

4. விண்ணப்பத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தாய் பெயர் எங்கே, தந்தை பெயர் எங்கே என்று கருவிக்குத் தெரியாது.

5. சொற்கள் எளிமையாகவும், எழுத்து பெரிதாகவும் இருக்க வேண்டும். காது கேளாதவருக்காக, பேச்சுப் படங்களில் எழுத்தும் ஓட வேண்டும்.

இவ்வளவும் செய்தால் பயன் பார்வையற்றோருக்கு மட்டும்தானா? இல்லை. கண் மங்கிய மாமியாருக்கும், பள்ளிக்கூடம் போகாத அண்ணனுக்கும், இடுப்பில் குழந்தையோடு அடுப்படியில் நிற்கும் தாய்க்கும் காதால் கேட்க வசதிதான்.

இது சலுகையா?

அல்ல, உரிமை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், மின்னணு வழியில் தரும் செய்திகள் அவர்களும் பயன்படுத்தும்படி இருக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. ஆசிட் வீச்சில் கண் பாதிக்கப்பட்டவர்களிடம், ஆள் அடையாளம் சரிபார்க்க "கண்ணைச் சிமிட்டு" என்று கருவி கேட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 30-4-2025 அன்று தீர்ப்பளித்தது. மின்னணுச் சேவைகளைப் பெறுவதும் வாழும் உரிமையின் பகுதியே என்று அது கூறியது.

நீங்கள் செய்ய வேண்டியது

அரசு தளத்தில் உள்ள தாளைப் போன் வாசிக்கவில்லையா? "நமக்குத்தான் தெரியலை" என்று விட்டுவிடாதீர்கள். எந்தத் தாள், எந்தத் தேதி என்று குறித்து, அந்த அலுவலகத்துக்கே எழுதிக் கொடுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம். அதுவரை மருந்து விஷயத்தில் ஊகம் வேண்டாம். கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். அவர் சொல்வதைப் போனில் பதிவு செய்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது இருவரும் கேளுங்கள்.

என் பிரசுரத்தை எழுத்தாக மாற்றி மறுபடி ஏற்றச் செய்தேன். அந்தப் பெண்ணின் போனிலேயே அதை முதலில் வாசிக்க வைத்துக் கேட்டேன். இப்போது எந்தத் தாளையும் அப்படிக் கேட்டுப் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை.

தாமே அறிவோம்! தம்பதியராய் முடிவெடுப்போம்!