வாகிள்னா என்ன? சாரணர் உலகத்துக்குப் புதுசா வர்றவங்களுக்கு ஒரு சொல் அகராதி

(எபிசோடின் ஒலிப்பதிவைச் சுருக்கி, திருத்தி எழுதிய வடிவம் இது.)

இன்னைக்கு கோட், சர்வர், ஏஐ எதுவும் கிடையாது. ஆறு மாசமா சனிக்கிழமை காலையில் நான் எங்கே காணாமல் போகிறேன் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதற்கான பதில்தான் இந்த எபிசோட்.

எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே சாரணர் படையை நடத்தும் ஆசிரியர் எனக்குப் பழக்கம். "லீவு நாள்ல சும்மாதானே இருக்க, வந்து பசங்களோட கூடமாட ஒத்தாசையா இரேன்ப்பா" என்றார். போனேன். நான் படித்த காலத்தில் சாரணரில் சேர்ந்ததில்லை. சுதந்திர தின அணிவகுப்பில் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய பசங்களைப் பார்த்ததோடு சரி.

முதல் நாள் அரை மணி நேரத்தில் என் காதில் விழுந்தவை: பேட்ரல், வாகிள், த்விதீய சோபான், கோர்ட் ஆஃப் ஹானர், கேட்ஜெட், குட் டர்ன். பாதி ஆங்கிலம், பாதி இந்தி, நடுவில் பழந்தமிழ்ப் பாட்டிலிருந்து இறங்கி வந்த மாதிரி "குருளையர்". எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் எப்படித் தலையாட்டினேனோ, அதே மாதிரி. அந்தத் தலையாட்டல் எங்கே கொண்டுபோய் விட்டதுன்னு கடைசியில சொல்றேன்.

முதல்ல, யார் யார்?

ஆங்கிலத்தில் ஸ்கவுட் என்றால் படைக்கு முன்னால் போய் நிலவரம் பார்த்துவிட்டு வருகிறவர். பேடன்-பவல் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ என்ற தீவில் இருபது சொச்சம் பையன்களை வைத்து ஒரு சோதனை முகாம் நடத்தினார். அடுத்த வருஷம் ஒரு கையேடு எழுதினார். அங்கிருந்து பரவியதுதான் இந்த இயக்கம்.

தமிழில் "சாரணர்". இது புதுசாக உண்டாக்கிய சொல் இல்லை. சிலப்பதிகாரத்திலேயே சாரணர் வருகிறார்கள். அவர்கள் ஊர் ஊராகச் சஞ்சரிக்கும் சமண முனிவர்கள். ஒற்றர் என்ற பொருளும் இந்தச் சொல்லுக்கு உண்டு. நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர் என்று எடுத்துக்கொண்டால் ஸ்கவுட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. பெண் பிள்ளைகள், அதாவது கைடு, சாரணியர்.

சின்னப் பசங்கள், ஏறக்குறைய ஐந்திலிருந்து பத்து வயது வரை, கப். தமிழில் குருளையர். கப் என்றால் ஓநாய்க்குட்டி. கிப்ளிங்கின் ஜங்கிள் புக் கதையிலிருந்து எடுத்தது. அதனால்தான் அந்தப் பிரிவை நடத்தும் பெரியவரைப் பிள்ளைகள் "அகேலா" என்று கூப்பிடுவார்கள். கதையில் ஓநாய்க் கூட்டத்தின் தலைவன் பெயர் அது. நம்ம தொல்காப்பியத்தில் நாய், பன்றி, புலி, முயல் நாலுக்கும் குட்டியைக் குருளை என்று சொல்லலாம் என்று இருக்கிறது. ஓநாய் அந்தப் பட்டியலில் இல்லை, பரவாயில்லை, சேர்த்துக்கலாம்.

அதே வயதுப் பெண் பிள்ளைகள் புல்புல், தமிழில் நீலப்பறவையர். புல்புல் என்பது நம்ம ஊர் கொண்டைக்குருவி. அது நீலமே கிடையாது. இதை நான் கேட்டபோது ஆசிரியர் சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

பள்ளி முடிக்கும் வயதிலிருந்து இருபத்தைந்து வரை இருப்பவர்கள் ரோவர், ரேஞ்சர். தமிழில் திரிசாரணர், திரிசாரணியர். "திரி" என்றதும் நான் மூன்று என்று நினைத்துவிட்டேன். ரோவர் என்றால் சுற்றித் திரிகிறவர். அப்படிப் படித்தால்தான் பொருள் சரியாக வருகிறது.

சோபான் என்றால் படிக்கட்டு

நம் பள்ளிகளில் பெரும்பாலும் இருப்பது பாரத சாரண சாரணியர் இயக்கம். சுதந்திரத்துக்குப் பிறகு, தனித்தனியாக இருந்த அமைப்புகளை இணைத்து 1950-இல் உருவானது. அதன் படிநிலைப் பெயர்களெல்லாம் சமஸ்கிருதம் கலந்த இந்தி. முதலில் பிரவேஷ், அதாவது நுழைவு. அப்புறம் பிரதம சோபான், த்விதீய சோபான், த்ருதீய சோபான். சோபானம் என்றால் படிக்கட்டு. முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி. அவ்வளவுதான் விஷயம்! அதற்கு மேலே ராஜ்ய புரஸ்கார். மாநில விருது, ஆளுநர் கையெழுத்தோடு வரும். உச்சியில் ராஷ்டிரபதி விருது, அதாவது குடியரசுத் தலைவர் விருது.

பிரவேஷ் முடித்தவர்களுக்கு "சின்னம் சூட்டும் விழா" நடக்கும். ஆங்கிலத்தில் இன்வெஸ்டிச்சர். எல்லாரும் குதிரை லாட வடிவத்தில் நிற்பார்கள். புதியவர் நடுவில் வந்து உறுதிமொழி சொல்வார். மூன்று விரல் வணக்கம் பார்த்திருப்பீர்கள். உறுதிமொழியின் மூன்று பகுதிகளைத்தான் அந்த மூன்று விரல் குறிக்கிறது: கடவுளுக்கும் நாட்டுக்குமான கடமை, பிறருக்கு உதவி, சாரணர் சட்டத்துக்குக் கீழ்ப்படிதல். அதுவரைக்கும் நீங்கள் வந்து போகிற ஆள். அன்றிலிருந்து சாரணர். ஒரு பையனுக்கு அந்த நாள் எவ்வளவு பெரிய நாள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

அணி, அணித்தலைவர், கோர்ட் ஆஃப் ஹானர்

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. பேட்ரல், தமிழில் அணி. ஆறிலிருந்து எட்டுப் பேர். பிரவுன்சீ தீவிலேயே பையன்களை ஓநாய், காளை, அண்டங்காக்கை, கோட்டான் என்ற நீர்ப்பறவை என நாலு அணியாகப் பிரித்துத்தான் முகாம் நடத்தினார்கள். நம்ம கோட்டான் ஆந்தை இல்லை, வளைந்த நீள அலகு உள்ள உள்ளான் வகைப் பறவை. நாலைந்து அணி சேர்ந்தால் அது ட்ரூப், அதாவது படை.

அணித்தலைவர் பெரியவர் இல்லை. அதே அணியில் இருக்கும் ஒரு பையன். யார் தண்ணி எடுக்கணும், யார் சமைக்கணும், புதுசா வந்தவனுக்கு யார் முடிச்சு சொல்லித் தரணும் என்பதெல்லாம் அவன் பொறுப்பு. அணித்தலைவர்கள் கூடிப் பேசுகிற கூட்டத்துக்குப் பெயர் கோர்ட் ஆஃப் ஹானர். கோர்ட் என்றதும் தப்பு பண்ணவனை நிறுத்தி விசாரிப்பாங்க போல என்று நினைத்தேன். ஒழுங்கு விஷயமும் அங்கே வரும். ஆனால் பெரும்பாலும் அடுத்த மாசம் என்ன செய்யலாம், காசு எவ்வளவு இருக்கு, யார் பின்தங்கியிருக்கான் என்றுதான் பேசுகிறார்கள். ஆசிரியர் ஓரமாக உட்கார்ந்து கேட்பார். பதின்மூன்று, பதினாலு வயதுப் பசங்கள் முடிவெடுப்பார்கள். நான் பார்த்த பல ஆபீஸ் மீட்டிங்கைவிட ஒழுங்காக நடந்தது.

கழுத்தில் கட்டுவது, கையில் கட்டுவது

ஸ்கார்ஃப்: கழுத்தில் சுற்றும் முக்கோணத் துணி. அழகுக்கு மட்டும் இல்லை. கை முறிந்தால் தூளி மாதிரி தொங்கவிடலாம், காயத்துக்குக் கட்டுப் போடலாம்.

வாகிள்: அந்த ஸ்கார்ஃப் அவிழாமல் இருக்கத் தொண்டைக்குக் கீழே மாட்டும் சின்ன வளையம். கயிற்றாலோ தோல் வாராலோ பின்னுவார்கள். இந்தச் சொல்லை ஞாபகம் வெச்சுக்கோங்க.

முடிச்சுகள்: ரீஃப் நாட், ஒரே தடிமன் கயிற்றின் இரு முனையை இணைக்க, கட்டுப் போடவும் இதுதான். ஷீட் பெண்ட், தடிமன் வேறுபட்ட கயிறுகளை இணைக்க. போலைன், இறுகாத கண்ணி. ஆளைக் காப்பாற்ற உதவும். க்ளோவ் ஹிட்ச், கம்பில் கட்டு ஆரம்பிக்க.

பயனியரிங்: கம்பையும் கயிற்றையும் மட்டும் வைத்துப் பாலம், கோபுரம் கட்டுவது.

கேட்ஜெட்: "முகாமுக்கு கேட்ஜெட் ரெடி பண்ணணும்" என்று ஒரு பையன் சொன்னான். நான் அடுத்த வாரம் பவர் பேங்க், டார்ச், ப்ளூடூத் ஸ்பீக்கர் எல்லாம் தூக்கிக்கொண்டு போனேன். கேட்ஜெட் என்றால் முகாமில் குச்சியைக் கட்டிச் செய்யும் செருப்பு ஸ்டாண்டு, தட்டு காயவைக்கும் தாங்கி. ஸ்பீக்கரைப் பையிலேயே வைத்திருந்தேன்.

தடக்குறிகள்: பின்னால் வருகிறவர்களுக்காகக் கல், குச்சி, சுண்ணாம்பால் தரையில் போடும் அடையாளங்கள். அம்புக்குறி என்றால் இந்த வழி. வட்டத்துக்குள் ஒரு புள்ளி என்றால் "நான் வீட்டுக்குப் போய்விட்டேன்". கென்யாவில் நியேரி என்ற ஊரில் பேடன்-பவலின் கல்லறைக் கல்லில் இந்தக் குறிதான் இருக்கிறது.

ஜாம்போரி: சாரணர்களின் பெருந்திரள் முகாம். முதல் உலக ஜாம்போரி 1920-இல் லண்டனில் நடந்தது. 2025 தொடக்கத்தில் திருச்சி மாவட்டம் மணப்பாறையில் வைரவிழா ஜாம்போரி நடந்தபோது செய்திகளில் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள்.

குட் டர்ன்: தினமும் ஒரு நற்செயல். யாரும் கேட்காமல், பதிலுக்கு எதுவும் வாங்காமல் செய்வது.

சரி, அந்தத் தலையாட்டல்

மூன்றாவது சனிக்கிழமை. ஆசிரியர் வர நேரமாகும் என்று போன் செய்து, பசங்களிடம் ஒரு தகவலைச் சொல்லச் சொன்னார். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே சத்தமாகப் படித்தேன்: சின்னம் சூட்டும் விழாவுக்குப் புதியவர்கள் சீருடையோடு வரவும், ஸ்கார்ஃப், வாகிள் கொண்டு வரவும். வாகிள் என்றால் என்னவென்று எனக்கே தெரியாது. ஆனாலும் ரொம்பத் தெரிந்தவன் மாதிரி படித்தேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கையைப் பாதி தூக்கிவிட்டு இறக்கினான். பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அவன் விழாவுக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஆர்வம் போயிருக்கும் என்று நினைத்தேன். கோர்ட் ஆஃப் ஹானரில் அவனுடைய அணித்தலைவன், ஒன்பதாவது படிக்கிறான், "எங்க அணியில ஒருத்தன் குறையுறான், நான் வீட்ல போய்ப் பாக்குறேன்" என்றான். போயிருக்கிறான். அந்தப் பையன் வாகிளைத் தேடி ரெண்டு கடை ஏறியிருக்கிறான். யாருக்கும் தெரியவில்லை. விலை அதிகமான ஏதோ பொருள் என்று முடிவு பண்ணிவிட்டான். அவன் அம்மா காலையில் இட்லிக் கடை போடுகிறவர். ஷூவுக்கே அப்போதுதான் காசு கொடுத்திருந்தார். மறுபடியும் கேட்க அவனுக்கு மனசு வரவில்லை.

அணித்தலைவன் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து கயிற்றில் ஒன்று பின்னிக் கொடுத்திருக்கிறான். செலவு எதுவும் இல்லை. அடுத்த சனிக்கிழமை என்னிடம் வந்தான்.

"அண்ணா, வாகிள்னா கயித்துல பின்றதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்கே தெரியாதுடா."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். "அப்ப எங்கள்ட்ட கேட்டிருக்கலாம்லண்ணா."

எனக்குப் பதில் இல்லை. நான் தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டதில் எனக்கு நஷ்டம் எதுவும் இல்லை. ஒரு பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அவனுடைய விழா போனது. அடுத்த விழாவுக்கு அவன் இரண்டு மாதம் காத்திருந்தான்.

ஒரு குழுவுக்குள் புழங்கும் சொற்கள் உள்ளே இருப்பவர்களுக்குச் சௌகரியம். வெளியிலிருந்து வருகிறவருக்கு அவை பூட்டிய கதவு. ஆபீஸிலும் அப்படித்தான். "இது எனக்கு சரிப்பட்டு வராது" என்று நாமே முடிவு கட்டிக்கொண்டு விலகிப்போன எத்தனை இடங்களில், உண்மையில் புரியாதது ஒரே ஒரு சொல்லாக இருந்திருக்கும்?

இப்போது எங்கள் படையில் ஒரு வழக்கம். அணித்தலைவர்கள்தான் முடிவு பண்ணினார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆரம்பத்தில் ஐந்து நிமிடம், புரியாத சொல்லை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். முதல் கேள்வி கட்டாயம் நான்தான் கேட்கணும். போன வாரம் ஆசிரியர் கழுத்தில் தொங்கும் ரெண்டு மரமணி என்னவென்று கேட்டேன். வுட் பேட்ஜாம். சாரண ஆசிரியர்களுக்கான உயர்நிலைப் பயிற்சி முடித்தவர்கள் அணிவது. 1919-இல் லண்டனுக்குப் பக்கத்தில் கில்வெல் பூங்காவில் தொடங்கிய வழக்கம். அதை எனக்கு விளக்கியது அந்த ஏழாம் வகுப்புப் பையன். கழுத்தில் அதே கயிற்று வாகிள்.

உங்க வேலையிலோ காலேஜிலோ நீங்கள் கேட்காமல் தலையாட்டிய சொல் எது? வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.