சுட்டாலும் விரியாத கண்ணாடி

கம்பம், சின்னமனூர் பக்கம் கேஸ் தீர்ந்த நாளில் பல வீடுகளில் கைகொடுப்பது மின் அடுப்புதான். பால் பொங்கி வழிந்தால், சூடு ஆறும்முன்பே ஈரத்துணியால் துடைத்துவிடுகிறோம். வெந்நீர் ஊற்றினாலே கண்ணாடி டம்ளர் விரிசல் விடும். அடுப்பின் மேலிருக்கும் கறுப்புத் தகட்டுக்கோ ஒன்றும் ஆவதில்லை.

கண்ணாடியை உடைப்பது வெறும் சூடு அல்ல. சூடுபட்ட இடம் விரியும், பக்கத்து இடம் விரியாது. அந்த இழுபறியில்தான் விரிசல் விழுகிறது. ஒரு மீட்டர் ஜன்னல் கண்ணாடி 100 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நீளும். நல்ல மின் அடுப்புகளில் இருக்கும் கிளாஸ் செராமிக் அதில் இருபதில் ஒரு பங்குகூட நீளாது.

காரணம் அதன் உள்ளே இருக்கிறது. மணலிலிருந்து வரும் சிலிக்காவோடு அலுமினா, லித்தியம் சேர்த்து 1,600 டிகிரி அளவில் உருக்கித் தகடாக்குகிறார்கள். பாலுக்கு உறைமோர் போல, கொஞ்சம் டைட்டானியம், சிர்கோனியம் ஆக்சைடுகளும் கலந்திருக்கும். தகட்டை மறுபடி 700 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அவற்றைச் சுற்றி நுண்படிகங்கள் முளைக்கும். இந்தப் படிகங்கள் சூட்டில் சுருங்குபவை! மீதமுள்ள கண்ணாடி விரிய, இவை சுருங்க, இரண்டும் சரிக்குச் சரியாகிவிடுகின்றன.

இந்த வகைப் பொருளுக்கு வழி திறந்தது ஒரு கோளாறு. 1953-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் டொனால்ட் ஸ்டூக்கியின் உலை 600 டிகிரியில் நிற்காமல் 900-க்குப் போய்விட்டது. உள்ளே வைத்த கண்ணாடி உருகிக் கிடக்கும் என்று திறந்து பார்த்தால், வெள்ளைத் தகடு. இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தும் அது உடையவில்லை.

நம் ஜவ்வாது மலையில், காவலூரில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடியும் ஜெரோடர் என்ற இத்தகைய பொருள்தான். இரவில் குளிர் ஏற ஏற ஆடி சுருங்கினால் விண்மீனின் பிம்பம் கலங்கிவிடும். சமையலறைக்கும் வானியலுக்கும் ஒரே தேவை என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அடுப்புத் தகடுகளைச் சூடாக்கிக் குளிர்ந்த நீர் ஊற்றியும், எடையுள்ள பாத்திரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டும் சோதிக்கிறார்கள். ஆனாலும், சூட்டைத் தாங்கும் தகடு குழவிக்கல் விழுந்தாலும் தாங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். மயிரிழை விரிசல் கண்டாலும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். விரிசல் வழியே தண்ணீர் இறங்கினால் ஷாக் அடிக்கும்.