இரண்டு போர்வைகள்

சிசிலியின் நார்மன் அரசர் இரண்டாம் ரோஜருக்காக 1133-34இல் பாலெர்மோ நகரின் அரண்மனைப் பட்டறையில் ஒரு சிவப்புப் பட்டுப் போர்வை தைத்தார்கள். நடுவே பேரீச்ச மரம், இரு பக்கமும் ஒட்டகத்தை வீழ்த்தும் சிங்கங்கள், விளிம்பில் அரபு எழுத்து. உருவங்களின் ஓரமெல்லாம் வரிசை வரிசையாக முத்து. ஒரு லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். போர்வை இப்போது வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அத்தனை முத்தும் இன்னொரு போர்வையிலிருந்து பிறந்தவை.

சிப்பி ஓட்டின் உட்புறம் ஒட்டிக் கிடக்கும் மெல்லிய சதை மடிப்பை விலங்கியலில் 'மேன்டில்' என்பார்கள். போர்வை என்றே வைத்துக்கொள்வோம். இதன் வெளித்தோல் செல்களுக்கு ஒரே வேலைதான்: சுண்ணாம்புச் சத்தைக் கடலிலிருந்து எடுத்து ஓடு கட்டுவது. புழு துளைத்தாலோ மீன் கடித்தாலோ அந்தச் செல்களில் சில பிய்ந்து சதைக்குள் போய்விடுகின்றன. போன இடத்திலும் அவற்றுக்குத் தெரிந்தது அந்த வேலைதான். பெருகி, சின்னப் பை போலச் சூழ்ந்து, பைக்குள்ளேயே ஓட்டுப் பொருளைப் பூசிக்கொண்டிருக்கும். உள்வெளி புரண்டுபோன ஓடுதான் முத்து.

மணல் துகள் உறுத்தி முத்தாகிறது என்று பள்ளியில் படித்தோமே? கடலடியில் கிடக்கும் சிப்பிக்கு மணல் என்ன புதிதா, வந்தால் வெளியே தள்ளிவிடும். சுவாதி நட்சத்திர மழைத்துளி முத்தாகிறது என்ற பழைய கதையை விட்டுவிட்டு மணல் கதையைப் பிடித்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

ஒரு பூச்சின் தடிமன் ஏறக்குறைய அரை மைக்ரான். 3 மில்லிமீட்டர் ஆணிமுத்து என்றால் நடுவிலிருந்து வெளிவரை சுமார் 3,000 பூச்சு. ஒளி அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும்போது ஒன்றோடொன்று கலப்பதால்தான் அந்த வானவில் மினுக்கம். சாயம் எதுவும் இல்லை.

இயற்கை முத்தை எப்போதாவதுதான் உருவாக்கும். 1905இல் இலங்கையின் மரிச்சுக்கட்டியில் ஒரே பருவத்தில் சுமார் 8 கோடி சிப்பிகளை அள்ளினார்கள். பெரும்பாலானவற்றில் ஒன்றும் இருக்காது. தூத்துக்குடியில் பார் எனப்படும் முத்துச்சிப்பிப் படுகைகளில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது.

பிறகுதான் வேப்பலோடை. தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள இந்தக் கடலோர ஊரில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி 1973இல் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை எடுத்தார். ஜப்பானியர் கண்ட வழிதான். மெந்தால் போட்டுச் சிப்பியை மயக்கி, வாய் திறந்ததும் முளை கொடுத்து நிறுத்துவார்கள். வேறொரு சிப்பியின் போர்வையிலிருந்து 2, 3 மில்லிமீட்டர் சதுரமாக நறுக்கிய துண்டு ஒன்றையும், நன்னீர்ச் சிப்பி ஓட்டில் கடைந்த உருண்டை ஒன்றையும் இனப்பெருக்கச் சதைக்குள் செருகுவார்கள். துண்டின் வெளித்தோல் பக்கம் உருண்டையைத் தொட்டிருக்க வேண்டும். திருப்பி வைத்தால் போச்சு.

ஆக, மனிதன் செய்தது புழுவின் வேலையை. பூசுவது சிப்பிதான். வளர்ப்பு முத்தைப் 'போலி' என்று கடைவீதியில் சொல்லும்போது எனக்கு எரிச்சல் வரும். பிளாஸ்டிக் மணிதான் போலி. வளர்ப்பு முத்தையும் இயற்கை முத்தையும் எக்ஸ்-ரேயில் பார்த்துப் பிரிக்கலாம்: ஒன்றின் நடுவில் உருண்டை தெரியும், மற்றதில் வெங்காயம்போல் அடுக்கு.

மீண்டும் ரோஜருக்கு வருவோம். அவர் காலத்தில் பாரசீக வளைகுடா முத்துச்சிப்பி மத்தியதரைக் கடலில் கிடையாது. 1869இல் சூயஸ் கால்வாய் அதற்கு வழி திறந்தது. 1874இலேயே அந்தச் சிப்பி அலெக்சாந்திரியாவில் அகப்பட்டது. அதைத் தம் கிளிஞ்சல் பட்டியலில் 1878இல் பதிவு செய்த மோன்தெரோசாத்தோ பிரபு பாலெர்மோக்காரர். தூத்துக்குடிச் சிப்பிக்கு நெருங்கிய உறவான அந்தச் சிப்பி இன்று சிசிலியைச் சேர்ந்த சிறு தீவுகளின் கடலிலும் வாழ்கிறது.