வீட்டோரப் பாம்புகள் – 6: வெள்ளிக்கோல் வரையன்

வெள்ளிக்கோல் வரையன் பல்லியைத் தேடி வீட்டுக்குள் வரும் நஞ்சில்லாப் பாம்பு. 1758-இல் லின்னேயஸ் வகைப்படுத்திய இதன் இன்றைய அறிவியல் பெயர் லைக்கோடான் ஆலிகஸ். முதற்சொல்லுக்கு ஓநாய்ப்பல் என்று பொருள்; முன்தாடையில் நீண்டிருக்கும் பற்களால் வந்த பெயர். வழுக்கிக்கொண்டு ஓடும் அரணையைப் பிடித்து நிறுத்த அந்தப் பற்கள் வேண்டும். தமிழ்ப் பெயர் இன்னும் அழகு: எடையளவுக்குக் கோடு போட்ட தூக்குக்கோலின் பெயரையே பாம்புக்கு வைத்திருக்கிறார்கள்.

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பொம்மையார்பாளையம் போன்ற ஊர்களில் இதற்குக் குறையே இல்லை. கீற்றுக் கூரை, சுவர் வெடிப்பு, அடுக்கிய செங்கல், விளக்கடியில் பூச்சிக்குக் காத்திருக்கும் பல்லி எல்லாம் உண்டு. பகலில் இண்டு இடுக்கில் சுருண்டு கிடந்து இருட்டியபின் சுவரேறும். இதே சமவெளியில்தான் கட்டுவிரியனும் இரவில் இரை தேடுகிறது. பழுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டைகளோடு இது தென்பட்டதும் கட்டுவிரியன் என்றே அடித்துவிடுகிறார்கள். பிற விலங்குகளிடமிருந்து காப்பதாகக் கருதப்படும் அதே சாயல், மனிதரிடம் இதன் உயிருக்கு உலை வைக்கிறது.

வேறுபாடு பட்டை தொடங்கும் இடத்தில் இருக்கிறது. வரையனுக்குக் கழுத்திலேயே அகலமான பட்டை உண்டு. வால் நோக்கிப் போகப் போக மங்கும். கட்டுவிரியனுக்கு நேர்மாறு: தலையை அடுத்த பகுதி பெரும்பாலும் வெறுமையாக இருக்கும், மெல்லிய கோடுகள் இரண்டிரண்டாகப் பின்னால் தெளிவாகும். ஆனால் கட்டுவிரியன் குட்டிக்கு முன்புறத்திலும் கோடு தெரியும். வரையனில் பட்டையே இல்லாதவையும் உண்டு. ஆகவே இருட்டில் பட்டையை மட்டும் நம்பக் கூடாது. உரித்துப்போட்ட சட்டை கிடைத்தால் ஐயம் தீரும். முதுகின் நடுவரிசைச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரிதாக, அறுகோணமாக இருந்தால் அது கட்டுவிரியன். வரையனுக்கு எல்லாச் செதிலும் ஏறத்தாழ ஒரே அளவு. வாலடிச் செதில்கள் வரையனுக்கு இரட்டை, கட்டுவிரியனுக்கு ஒற்றை. வரையன் பெரும்பாலும் இரண்டடிக்குள் நின்றுவிடும். கட்டுவிரியன் மூன்றடியைத் தாண்டும்.

வரையன் பிடித்தால் சட்டென்று கடிக்கும். காயம் கீறலோடு சரி. கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிப்பதே இல்லை. தரையில் படுத்துறங்குபவர் வயிற்றுவலியோடு விழிப்பார். இமை சரியும், மூச்சு திணறும். கட்டுவிரியனுக்குள்ள எட்டடி விரியன் என்ற இன்னொரு பெயரைக் கேட்டு எட்டடிக்குள் உயிர் போகும் என்று நம்புவது தவறு; மணிக்கணக்கில் ஏறும் நஞ்சு அது. அந்த நேரம் மருத்துவமனைக்குப் போவதற்கானது, மந்திரிப்பதற்கானதல்ல. கடித்தது எதுவென்று தெரியாவிட்டால் மருத்துவர்கள் ஒருநாள் வைத்துக் கவனிப்பார்கள். நஞ்சுமுறி மருந்தே சிலருக்கு ஒவ்வாமையைத் தரும் என்பதால், அறிகுறி தெரிந்த பிறகே ஏற்றுவார்கள்.

அந்த மருந்துக்கான நஞ்சு பெரும்பாலும் வருவது இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே உள்ள வடநெம்மேலியிலிருந்து. 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கிலும் நஞ்செடுத்து, பாம்புகளைக் காட்டிலேயே விட்டுவிடுகிறது. அவர்களுக்கு வரையனால் பயனில்லை. கண்டால் அதன் போக்கில் விட்டுவிடலாம்.