கத்திரியும் பேரேடும்

1876இல் ஹென்றி பூல் காலமானபோது, லண்டனில் அவரைவிடப் பெயர்பெற்ற தையல்கடைக்காரர் இல்லை. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன், நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், பிற்பாடு ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர் என்று நீளும் வாடிக்கையாளர் பட்டியல் அவருடையது. ஆனால் கணக்கைப் புரட்டினால் பாக்கி, பாக்கி, பாக்கி. பெரிய இடத்துக் கடனை நெருக்கிக் கேட்பது அன்றைய வழக்கமில்லை. கடையை எடுத்து நடத்தப் பிள்ளைகளும் இல்லை.

அத்தோடு கடை மூடப்பட்டிருக்க வேண்டும். சாமுவேல் கன்டி என்ற உறவினர் பொறுப்பேற்று அதைக் கரையேற்றினார். அவர் வழி வந்தவர்கள்தான் இன்றும் லண்டன் சாவில் ரோ தெருவில் 15ஆம் எண் கட்டடத்தில் ‘ஹென்றி பூல் அண்ட் கோ’வை நடத்துகிறார்கள். தலைமுறைகள் பல ஆகிவிட்டன. இத்தனை காலம் கைமாறி வந்தது என்ன? வெறும் பெயர்ப்பலகையாக இருந்தால் இரண்டாம் தலைமுறையிலேயே சாயம் வெளுத்திருக்கும்.

கதை தொடங்குவது 1806இல். ஹென்றியின் தந்தை ஜேம்ஸ் பூல் லண்டன் பிரன்ஸ்விக் சதுக்கத்தை ஒட்டிய தெருவில் துணிக்கடை வைத்தார். நெப்போலியனுடனான போர்க்காலத்தில் தொண்டர் படையில் சேர்ந்தபோது அவர் உடுத்தியிருந்த சீருடையின் தையல் அதிகாரிகளின் கண்ணில் பட்டது என்பது கடையில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அங்கிருந்து ராணுவ உடைகள், பிறகு கனவான்களின் கோட்டுகள் என்று தொழில் வளர்ந்தது. 1846இல் ஜேம்ஸ் இறக்க, அதற்குள் சாவில் ரோவை ஒட்டி இடம் மாறியிருந்த கடையை ஹென்றி பெரிதாக்கி அந்தத் தெருப் பக்கம் வாசல் வைத்தார். அந்தத் தெரு தையலுக்குப் பேர்போனதில் இந்த வாசலுக்குப் பெரிய பங்குண்டு.

அதே 1846இல்தான் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கும் முன்னே, பிரான்சில் திமோனியே என்பவர் அமைத்த தையல் இயந்திரப் பட்டறையை 1831இல் பாரிஸ் தையல்காரர்கள் அடித்து நொறுக்கியிருந்தார்கள். பிழைப்பு போய்விடும் என்ற பயம். ஆயத்த ஆடையைப் பொறுத்தவரை அந்தப் பயம் பலித்தும் விட்டது. சாவில் ரோ இயந்திரத்தை விரட்டவில்லை. நீண்ட நேர்த்தையல்களை அதனிடம் கொடுத்துவிட்டு, அதனால் ஆகாதவற்றைக் கையில் வைத்துக்கொண்டது.

ஆகாதது என்னவென்று அறிய, ஒரு கோட்டு உருவாவதைப் பார்க்க வேண்டும்.

அளவெடுப்பவரே துணியையும் வெட்டுவார். நம்மூர்ப் பேச்சில் கட்டிங் மாஸ்டர். அவர் இஞ்ச் டேப்பை வைத்து எண்களைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் நோட்டில் குறிப்பார். எண்கள் மட்டும் போதாது. மனித உடலில் இடமும் வலமும் ஒத்திருப்பது அபூர்வம். வலத்தோள் சற்றே இறங்கியிருக்கும், முதுகு கொஞ்சம் கூனியிருக்கும், வயிறு முன்தள்ளியிருக்கும். வாடிக்கையாளர் முகம் சுளிக்காமல் இருக்க, இவற்றையெல்லாம் இரண்டு மூன்று எழுத்துச் சங்கேதமாக எழுதிக்கொள்வார்கள். நிற்கிற வாகை ஒரே பார்வையில் கண்டுகொள்வது பல வருடப் பழக்கத்தில் வருவது.

அந்த அளவுகளைக் கொண்டு தடித்த பழுப்புத் தாளில் அந்த ஒருவருக்கென்றே வடிவத்தாள் வரையப்படும். தாளைத் துணிமேல் விரித்து, சாக்கால் கோடிழுத்து, பெரிய கத்திரியால் வெட்டுவார்கள். மடிப்புகளுக்குள் கூடுதல் துணி விடப்படும். பத்து வருடம் கழித்து ஆள் பருத்தால் பிரித்து விடலாம். பிறகு வெள்ளை நூலில் தற்காலிகத் தையல் ஓட்டி, அரைகுறைக் கோட்டை மாட்டிப் பார்ப்பார்கள். பிழை தெரிந்தால் முழுவதையும் பிரித்து, இஸ்திரி போட்டு நேராக்கி, மறுபடி கோடிழுத்து வெட்டுவார்கள். இப்படி இரண்டு மூன்று முறை மாட்டிப் பார்த்த பிறகே கோட்டு முடியும்.

கோட்டின் உயிர் வெளியே தெரியும் துணியில் இல்லை. மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே கம்பளி, ஆட்டுரோமம் சேர்த்து நெய்த கேன்வாஸ் இருக்கிறது. மார்புப் பகுதியில் அதன்மேல் குதிரைமயிர்த் துணி வேறு. குதிரைமயிர் கம்பிபோல் விறைப்பானது. வளைத்தாலும் திரும்ப நிமிரும். அதனால்தான் மார்பு தொய்யாமல் நிற்கிறது. மலிவான கோட்டுகளில் இந்த இடத்தில் பசை தடவிய துணியை வைத்துச் சூட்டில் ஒட்டிவிடுகிறார்கள். சலவைக்குப் போய்ப் போய் பசை விடும்போது மேல்துணி கொப்புளம் கொப்புளமாகப் புடைப்பது அதனால்தான்.

நல்ல கோட்டில் பசை இல்லை, தையல்தான். கழுத்தோரம் மடிந்து மார்பில் படியும் மடிப்பைக் கவனித்தால் கையின் வேலை புரியும். தையல்காரர் அந்தப் பகுதியை, கேன்வாஸ் மேற்பக்கம் வரும்படி, ஆள்காட்டி விரலில் சுருட்டிப் பிடித்துக்கொள்கிறார். ஊசி கேன்வாஸைத் துளைத்து, அடித்துணியில் ஓரிரண்டு இழையை மட்டும் கவ்வி மேலே வருகிறது. அடுத்த தையல் அதற்குப் பக்கத்தில் சாய்வாக விழுகிறது. வளைந்த நிலையிலேயே தைப்பதால் அடித்துணி கேன்வாஸைவிட இம்மியளவு குறைவாகப் பிடிபடுகிறது. வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கில் இந்தத் தையல் விழுந்த பின் விரலை எடுத்தாலும் வளைவு போகாது. இஸ்திரி போட்டு அழுத்திய மடிப்பு அல்ல அது. தானாகப் புரளும் மடிப்பு.

அடுத்த வித்தை நீராவியில் இருக்கிறது. கம்பளி நம் தலைமுடியைப் போலவே கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் நெடிய மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கின்றன. ஈரமும் சூடும் பட்டால் பிணைப்புகள் விட்டுக்கொடுக்கும். ஆறி உலரும்போது புதிய நிலையில் மறுபடி பிணையும். கனமான இஸ்திரிப் பெட்டியும் ஈரத்துணியும் கொண்டு தட்டைத் துணியை ஓரிடத்தில் சுருக்கி, ஓரிடத்தில் நீட்டி, தோள்பட்டையின் மேட்டுக்கும் இடுப்பின் பள்ளத்துக்கும் தக்கபடி படிய வைக்க முடிவது இதனால்தான். பருத்தித் துணி இந்த அளவுக்கு இசையாது. கம்பளிதான் கோட்டுக்கு அரசன் என்றால் மிகையில்லை.

காஜாவிலும் இரண்டு வழி. இயந்திரம் பெரும்பாலும் முதலில் தைத்து, பிறகு நடுவில் கிழிக்கும். வெட்டுமுனையில் பிசிறு தெரியும். கையால் எடுப்பவர் முதலில் வெட்டி, ஓரத்தில் தடித்த நூல் வைத்து, அதன்மேல் பட்டுநூலால் முடிச்சு முடிச்சாகச் சுற்றி வருகிறார். பிசிறு உள்ளே அடங்கிவிடுகிறது.

இவ்வளவையும் ஒரே குடும்பம் செய்ய முடியாது. பூல் கடையின் வரலாறு சொல்வதும் அதைத்தான். ஹென்றியின் பெயரை ஊசி வேலை உயர்த்தவில்லை. குதிரையும் விருந்துமாக உயர்குடியினரோடு பழகியதுதான் உயர்த்தியது. தைத்தவர்கள் மாடிகளிலும் நிலவறைகளிலும் இருந்தார்கள். சாமுவேலின் மகன் ஹோவர்ட் காலத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 300 தையல்காரர்களும் 14 கட்டிங் மாஸ்டர்களும் வருடத்துக்கு 12,000 உடைகளை முடித்தார்கள். பாரிஸ், வியன்னா, பெர்லின் நகரங்களில் கிளைகள் இருந்தன. கூச் பிஹார் மகாராஜாவும் வாடிக்கையாளர்.

இரண்டு உலகப் போர்கள், அரச வம்சங்களின் வீழ்ச்சி எல்லாம் சேர்ந்து அந்தக் கூட்டத்தைக் கலைத்தன. 1961இல் பழைய கட்டடம் இடிபட, கடை பக்கத்துக் கார்க் தெருவுக்குப் போனது. 1982இல்தான் சாவில் ரோவுக்குத் திரும்பியது. இடம் மாறியபோதெல்லாம் பேரேடுகளும் கூடவே போயின. 1865இல் வேல்ஸ் இளவரசர் சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் வீட்டு விருந்துகளில் அணிவதற்காக வாலில்லாத குட்டைக் கோட்டு தைக்கச் சொன்னது அவற்றில் பதிவாகியிருக்கிறது. இன்று உலகமே அணியும் டின்னர் ஜாக்கெட்டின் தொடக்கம் அது என்று கடை உரிமை கொண்டாடுகிறது. 1937இல் பாக்கி கேட்கப்பட்டதும் கோபித்துக்கொண்டு போன அரசியல்வாதி வின்ஸ்டன் சர்ச்சில் திரும்ப வரவே இல்லை என்றும் சொல்கிறார்கள்.

ஒரு குடும்பம் உண்மையில் காத்து வந்தது இதைத்தான்: பேரேடு, வடிவத்தாள், தைப்பவர்கள் உட்கார்ந்து வேலை செய்ய ஓர் இடம். கைவேலையோ ரத்தத்தில் வருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பல வருடம் பழகினால்தான் வரும். வாடகை ஏற ஏற அந்த இடமே பறிபோகும் நிலை வந்தபோது, 2004இல் பூல் உள்ளிட்ட கடைகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. இரண்டு உருப்படி கொண்ட ஒரு சூட்டுக்குக் குறைந்தது 50 மணி நேரக் கைவேலை வேண்டும் என்பது சங்கத்தின் விதிகளில் ஒன்று. பயிற்சியாளர்களை வளர்ப்பதும் அதன் பணி.

இப்போது பழக வருபவர்களில் பெண்கள் பலர். ஆண்களே கத்திரி பிடித்த அந்தத் தெருவில், கீவ்ஸ் அண்ட் ஹாக்ஸ் கடையில் பயிற்சியாளராக நுழைந்த கேத்ரின் சார்ஜென்ட் 2009இல் அங்கேயே தலைமைக் கட்டிங் மாஸ்டர் ஆனார். 2016இல் சாவில் ரோவில் சொந்தப் பெயரில் கடை திறந்தார்.