பைலட் ஆசையா? பத்திரம் பீரோவுலயே இருக்கட்டும்!

மீனம்பாக்கம் பக்கம் போனா, தலைக்கு மேல இறங்கற ஃப்ளைட்டை வாயைப் பிளந்து பார்க்கிற கேஸா நீங்க? நானும் அதே கேஸ்தான்! இன்ஜினீயரிங் மூணாவது வருஷம் வந்தும் ஆசை போகலை. 'வீட்டுப் பத்திரத்தை அடகு வெச்சுடலாம்டா'ன்னு அப்பா சொன்ன அன்னிக்குத்தான் உருப்படியா விசாரிக்க ஆரம்பிச்சேன்.

கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்கணும். செலவு அரை கோடியைத் தொடும். லைசென்ஸ் வந்ததும் யூனிஃபார்ம் மாட்டிடலாம்னு நினைச்சா, அங்கேதான் ட்விஸ்ட். ஏர்பஸ் ஏ320 மாதிரி விமானத்தை ஓட்ட 'டைப் ரேட்டிங்'னு தனிப் பயிற்சி வேணும். அதுக்குத் தனிச் செலவு!

அப்புறம் கம்பெனி நிலைக்கணுமே? 2012-ல கிங்ஃபிஷர், 2019-ல ஜெட் ஏர்வேஸ், 2023-ல கோ ஃபர்ஸ்ட்னு வரிசையா பறக்கறதை நிறுத்தினப்போ, அனுபவசாலிகளே வேலை தேடினாங்க. புதுப் பசங்க அவங்களுக்குப் பின்னாடி க்யூவுல! அதே 2023-லதான் இண்டிகோ 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. எப்போ ஏறும், எப்போ இறங்கும்னு யாருக்கும் தெரியாது. வட்டி மட்டும் மாசம் தவறாது.

அதனால, ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி மெடிக்கலை முடிங்க பாஸ். கமர்ஷியல் லைசென்ஸுக்கு 'கிளாஸ் 1' மெடிக்கல் கட்டாயம். கண்ணாடி போட்டிருந்தா பயப்படாதீங்க. நிறங்களைப் பிரிச்சுப் பார்க்கறதுல கோளாறு இருந்தாதான் சிக்கல். பணம் கட்டின பிறகு அது தெரிஞ்சா?

எனக்கு அடுத்த வாரம் மெடிக்கல். அப்பாகிட்ட பீரோ சாவியை வாங்கி அம்மாகிட்ட கொடுத்து வெச்சிருக்கேன்.